மாமா காரும் நான் மாற்றிய பேட்டரியும்



ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று பேரவை நண்பர்கள் கேட்டபோது முதலில் சிரித்துவிட்டேன். எனக்குக் கவிதை வராது. நிலாவைப் பற்றியும் காதலைப் பற்றியும் எழுத நம் கல்லூரியில் ஆட்கள் நிறையவே இருக்கிறார்கள். சிவில் பிரிவில் மட்டும் ஏழு பேர்! "சரி, உன் துறையைப் பற்றி எழுது" என்றார்கள். அதனால் ஒரு காருக்கு பேட்டரி மாற்றிய கதையை எழுதுகிறேன். இதெல்லாம் ஒரு கதையா என்று பக்கத்தைப் புரட்டி விடாதீர்கள். பேட்டரி மாற்றுவது கால் மணி நேர வேலைதான். அந்தக் கால் மணி நேரத்தில் நான் செய்த தவறுக்கு என் மாமா ஊர் முன்னால் தலை குனிந்து நின்றார்.

எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டியவன் நான் ஒருவன்தான். அப்பா நடவு, அறுப்பு, வரப்பு வெட்டுதல் என்று எந்த வேலை கிடைத்தாலும் போவார். அம்மாவும் அப்படியே. நான் டிப்ளமோ சேர்ந்த அன்றிலிருந்து எங்கள் தெருவில் எனக்கு ஒரு புதுப் பதவி கிடைத்தது. ஓடாத மிக்ஸி, சுற்றாத ஃபேன், பாடாத ரேடியோ எல்லாம் எங்கள் திண்ணைக்கு வந்தன. "தம்பி படிக்குதுல்ல, அதுகிட்ட காட்டு" என்பார்கள். ஆட்டோமொபைல் படிக்கிறவனுக்கும் மிக்ஸிக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. சொன்னால் அம்மாவின் முகம் வாடிவிடுமோ என்ற பயம். ஏதோ ஒரு திருகாணியைக் கழற்றி மாட்டுவேன். பாதி நேரம் தானாகவே ஓடிவிடும். பெயர் எனக்கு!

என் மாமா, அதாவது அம்மாவின் தம்பி, பதினைந்து வருடம் அடுத்தவர் வண்டியை ஓட்டியவர். மூன்று வருடத்துக்கு முன்னால் அத்தையின் நகைகளை அடகு வைத்து, மஞ்சள் போர்டு போட்ட பெட்ரோல் கார் ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கினார். மயிலாடுதுறையைச் சுற்றிலும் அவருக்கு சவாரி கிடைக்கும். வைத்தீஸ்வரன்கோயில், திருவெண்காடு, கீழப்பெரும்பள்ளம், திருநள்ளாறு என்று நவக்கிரக சவாரி ஒரு பக்கம். கல்யாண சவாரி ஒரு பக்கம். அதற்காகவே பின்னால் ஒரு ஆம்ப்ளிஃபயரும் பெரிய ஸ்பீக்கரும் வைத்திருந்தார். பாட்டு இல்லாத கல்யாண வண்டியில் யார் ஏறுவார்கள்?

அந்தக் காரில் ஸ்டாப்-ஸ்டார்ட் வசதி உண்டு. வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் போட்டு, கிளட்ச்சிலிருந்து காலை எடுத்தால் என்ஜின் தானே நின்றுவிடும். மறுபடி கிளட்ச்சை மிதித்தால் தானே ஸ்டார்ட் ஆகும். சிக்னலிலும் ரயில்வே கேட்டிலும் சும்மா நின்றுகொண்டு பெட்ரோல் எரிய வேண்டாம் என்பதற்கான ஏற்பாடு. வாங்கிய புதிதில் மாமா கச்சேரி ரோட்டு நெரிசலில் எனக்கு போன் போட்டு, "மாப்ள, வண்டி செத்துப் போச்சுடா!" என்று அலறியது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

போன வருடம் சித்திரை மாதம். "என்ன மாப்ள, நிக்கிற எடத்துல வண்டி இப்பல்லாம் தானா ஆஃப் ஆக மாட்டேங்குது. காலைல ஸ்டார்ட் பண்ணா இழுத்து இழுத்துப் புடிக்குது" என்றார் மாமா. ஸ்டாப்-ஸ்டார்ட் வண்டியில் பேட்டரி தளர்ந்து விட்டதென்றால் முதலில் தெரிகிற அறிகுறி இதுதான். சார்ஜ் குறைவாக இருக்கிறது, என்ஜினை நிறுத்தினால் மறுபடி கிளப்ப முடியாமல் போகலாம் என்று வண்டியின் கம்ப்யூட்டர் தானே உஷாராகி, என்ஜினை நிறுத்தாமலேயே வைத்துக் கொள்ளும். இது எனக்கு இப்போது தெரியும். அன்று தெரியாது.

டீக்கடை பெஞ்சில் ஐந்தாறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். "டவுன்ல மெக்கானிக்க பாருய்யா" என்றார் ஒருவர். மாமா என் தோளில் கையைப் போட்டார். "மெக்கானிக் எதுக்கு? எம் மாப்ள ஆட்டோமொபைல் படிக்கிறான். அவனே மாத்துவான்." எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் தலையை ஆட்டினேன்.

உண்மையைச் சொல்கிறேன். நம் லேபில் நான் பார்த்த பேட்டரி, பழைய என்ஜின் ஸ்டாண்டில் இருக்கும் சாதாரண பேட்டரி. ஹைட்ரோமீட்டரில் அமிலத்தின் அடர்த்தி பார்த்திருக்கிறேன். முழு சார்ஜில் 1.28 அளவுக்கு வரும். மல்டிமீட்டரில் 12.6 வோல்ட் பார்த்து ரெக்கார்டில் எழுதியிருக்கிறேன். அவ்வளவுதான் என் அனுபவம். ஸ்டாப்-ஸ்டார்ட் வண்டியின் பானெட்டைத் திறந்து பார்த்ததுகூட இல்லை.

மயிலாடுதுறையில் பேட்டரி கடைக்குப் போனோம். பழைய பேட்டரியின் மேல் என்-55 என்று போட்டிருந்தது. கடைக்காரர் அதைப் பார்த்துவிட்டு ஒழுங்காகத்தான் சொன்னார். "ஸ்டாப்-ஸ்டார்ட் வண்டியா? இதுக்குத் தனி பேட்டரி வரும் தம்பி. சாதாவ விட ரெண்டாயிரத்துச் சொச்சம் கூட." மாமா முகம் சுருங்கியது. அந்த மாதம் எஃப்.சி. செலவு வேறு அவர் தலையில் இருந்தது. நான் பக்கத்தில் இருந்த சாதாரண பேட்டரியைப் பார்த்தேன். 46பி24எல் என்று எழுதியிருந்தது. அதே நீளம், அதே அகலம், பாசிட்டிவ் முனை அதே பக்கம், அதே 12 வோல்ட், 45 ஆம்பியர்-மணி.

"ரெண்டும் பன்னெண்டு வோல்ட்டுதானே அண்ணே? சைஸும் ஒண்ணுதானே? இதே போதும்" என்றேன்.

"என்ன படிக்கிறீங்க தம்பி?"

"ஆட்டோமொபைல் டிப்ளமோ."

"அப்ப உங்களுக்குத் தெரியாததா!" என்று சொல்லி சாதாரண பேட்டரியை எடுத்து வைத்தார். பழைய பேட்டரியை அவரே எடுத்துக்கொண்டு விலையில் கழித்துக் கொண்டார். மாமாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "பாத்தீங்களா அண்ணே, படிச்ச புள்ள கூட இருந்தா ரெண்டாயிரம் மிச்சம்!"

கடை வாசலிலேயே மாட்டினேன். மேலோட்டமான விதிகள் எனக்குத் தெரியும். கழற்றும்போது நெகட்டிவ்வை முதலில் கழற்ற வேண்டும். மாட்டும்போது அதைக் கடைசியில் மாட்ட வேண்டும். வண்டியின் பாடி முழுக்க நெகட்டிவ்தான். பாசிட்டிவ்வை முதலில் கழற்றப் போய் ஸ்பேனர் பாடியில் பட்டால் நேராக ஷார்ட் சர்க்யூட், பொறி பறக்கும். இதைச் சரியாகச் செய்தேன். ஆனால் நெகட்டிவ் கிளாம்பின் மேல் தீப்பெட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டி இருந்தது. அதிலிருந்து மெல்லிய வயர் ஒன்று போனது. அது என்னவென்று எனக்குத் தெரியாது. கிளாம்ப் இறுகிப்போய் வரமாட்டேன் என்றது. ஸ்பேனரின் பின்பக்கத்தால் இரண்டு தட்டு தட்டினேன். ஆம்ப்ளிஃபயரின் கறுப்பு வயரைப் பாடியில் இருந்த ஒரு போல்ட்டில் மாட்டியிருந்தார்கள். "நேரா பேட்டரியில குடுத்தா சவுண்டு இன்னும் நல்லா வரும் மாமா" என்று சொல்லி அதையும் கழற்றி, அந்தக் கறுப்புப் பெட்டியைத் தாண்டி, பேட்டரி முனையிலேயே இறுக்கினேன்.

சாவியைத் திருப்பினார். ஒரே உதையில் ஸ்டார்ட்! எனக்கு டீயும் வடையும் வாங்கிக் கொடுத்தார். இரண்டு மூன்று நாளில் ஸ்டாப்-ஸ்டார்ட்டும் மறுபடி வேலை செய்ய ஆரம்பித்தது. நான் ஏதோ விமானத்தையே பழுது பார்த்தவன் போல் தெருவில் நடந்தேன்.

ஆவணி மாதம் வந்தது. எங்கள் தெருப் பெண்ணுக்கு வைத்தீஸ்வரன்கோயிலில் கல்யாணம். பெண் போகும் வண்டி மாமாவுடையது. முதல் நாள் ராத்திரி பெண் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, என்ஜின் ஓடாமல், வெகுநேரம் பாட்டு போட்டிருக்கிறார்கள். விடியற்காலை நாலரை மணிக்குக் கிளம்பும்போது ஸ்டார்ட்டர் கொஞ்சம் முனகியது. ஆனாலும் என்ஜின் பிடித்துக்கொண்டது. நான் பின்னால் வந்த வேனில் இருந்தேன்.

வழியில் ரயில்வே கேட் மூடியிருந்தது. மாமா வண்டியை நிறுத்தினார். வழக்கம்போல் என்ஜின் தானே அணைந்தது. ஹெட்லைட் எரிந்துகொண்டிருந்தது, உள்ளே பெண்ணுக்குப் புழுங்கக் கூடாதென்று புளோயர் ஓடிக்கொண்டிருந்தது. ரயில் போனது. கேட் திறந்தது. மாமா கிளட்ச்சை மிதித்தார். 'டிக்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். மறுபடி 'டிக்'. பின்னால் வரிசையாக நின்ற வண்டிகள் ஹாரன் அடிக்க ஆரம்பித்தன.

வேனிலிருந்து இறங்கி ஓடினோம். ஹெட்லைட் மங்கி, சிவந்து போயிருந்தது. வண்டியை ஓரத்துக்குத் தள்ளினோம். தள்ளியவர்களில் நானும் ஒருவன். பட்டுப்புடவையும் மாலையுமாக அந்த அக்கா இறங்கி ரோட்டோரம் நின்றதை இப்போது நினைத்தாலும் எனக்கு என்னவோ செய்கிறது. பெண்ணின் பெரியப்பா மாமாவைப் பார்த்து, "இந்த ஓட்டை வண்டிய வச்சிக்கிட்டு எதுக்குய்யா கல்யாண சவாரிக்கு வர்ற?" என்று கத்தினார். மாமா கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஒரு வார்த்தை பேசவில்லை. பெண்ணை வேனில் ஏற்றிக்கொண்டு போனார்கள். முகூர்த்தத்துக்கு நேரத்தில் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், அந்த வரையில் நிம்மதி. ஆனால் வாடகை கொடுக்கவில்லை. அடுத்த இரண்டு முகூர்த்தத்துக்குப் பேசி வைத்திருந்த சவாரிகளும் கைநழுவிப் போயின.

அன்று சாயங்காலம் மாமா எங்கள் வீட்டுக்கு வந்தார். என்ன சொல்லித் திட்டுவாரோ என்று உள்ளே பதுங்கியிருந்தேன். அம்மா கேட்டதற்கு, "வண்டி பழசுக்கா. நம்ம நேரம்" என்றார். என் பெயரை அவர் எடுக்கவே இல்லை. என்னைத் திட்டியிருந்தால்கூட அன்று ராத்திரி தூங்கியிருப்பேன்.

திங்கட்கிழமை கல்லூரிக்கு வந்ததும் இரண்டு பேட்டரிகளின் பெயரையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு ஆட்டோ எலக்ட்ரிக்கல் சாரிடம் போனேன். நடந்ததைச் சொன்னேன். சார் கோபப்படவில்லை. சாக்பீஸை எடுத்து, "பேட்டரிய எது காலி பண்ணுது? அடிக்கடி ஸ்டார்ட் பண்றதா, சும்மா நிக்கறதா?" என்று கேட்டார். ஸ்டார்ட் பண்ணுவதுதான் என்றேன். "கணக்குப் போடு" என்றார். நீங்களும் போட்டுப் பாருங்கள்.

ஸ்டார்ட்டர் மோட்டார் 200 ஆம்பியர் இழுக்கிறது, ஒரு விநாடியில் என்ஜின் பிடித்துக்கொள்கிறது என்று வைத்துக்கொள்வோம். 200 ஆம்பியர்-விநாடி. அதை 3600-ஆல் வகுத்தால் சுமார் 0.06 ஆம்பியர்-மணி. இப்போது என்ஜின் நின்ற நிலையில் ராத்திரி ஒரு நிமிடம் காத்திருக்கிறோம். ஹெட்லைட்டுக்கு 10 ஆம்பியர், புளோயருக்கு 10, மற்றதற்கெல்லாம் 5. ஆக 25 ஆம்பியர், 60 விநாடி; 1500 ஆம்பியர்-விநாடி; அதாவது 0.42 ஆம்பியர்-மணி. ஸ்டார்ட் செய்யச் செலவானதைப் போல் ஏழு மடங்கு! இரண்டையும் கூட்டினால் ஒரு நிறுத்தத்துக்கு ஏறக்குறைய அரை ஆம்பியர்-மணி. ஒரு நாளில் நாற்பது நிறுத்தம் என்றால் 20 ஆம்பியர்-மணி. 45 ஆம்பியர்-மணி பேட்டரியில் கிட்டத்தட்ட பாதி, சிறிது சிறிதாக வெளியே போய் உள்ளே வருகிறது. தினமும்!

சாதாரண பேட்டரி இந்த வேலைக்குப் பிறந்ததல்ல. ஈய-அமில பேட்டரியை 1859-இல் பிரான்சில் காஸ்டன் பிளான்டே கண்டுபிடித்தார். 1912-இல் காடிலாக் காரில் மின்சார ஸ்டார்ட்டர் வந்தது; கைப்பிடியைச் சுழற்றிக் கையை உடைத்துக்கொள்ளும் காலம் அதோடு குறைய ஆரம்பித்தது. அன்றிலிருந்து கார் பேட்டரியின் முக்கிய வேலை, ஒரே ஒரு முறை ஓங்கி உதைப்பது. அதற்குப் பிறகு ஆல்டர்னேட்டர் பார்த்துக்கொள்ளும். பேட்டரி எப்போதும் முழு சார்ஜில் சும்மா உட்கார்ந்திருக்கும். 1974-இல் டொயோட்டா கிரௌன் காரில் ஜப்பானில் ஸ்டாப்-ஸ்டார்ட் ஏற்பாடு வந்தது. நம் நாட்டில் 2008-இல் மஹிந்திரா ஸ்கார்பியோவில் மைக்ரோ ஹைப்ரிட் என்ற பெயரில் வந்தது. இந்த வண்டிகளில் பேட்டரிக்குச் சும்மா உட்காரும் பாக்கியம் இல்லை. பாதி வயிறும் முக்கால் வயிறுமாகவே அது நாளைக் கழிக்க வேண்டும்.

அப்படிக் கழித்தால் சாதாரண பேட்டரிக்கு இரண்டு நோய்கள் வருகின்றன. தகடுகளில் படியும் ஈய சல்பேட், முழு சார்ஜ் கிடைத்தால் கரைந்துவிடும். கிடைக்காவிட்டால் கெட்டியாகப் படிந்து தகட்டை அடைத்துவிடும். இது சல்பேஷன். கனமான அமிலம் அடியில் தங்கி, மேலே தண்ணீரைப் போல் நீர்த்துக் கிடக்கும். இது இரண்டாவது நோய். சித்திரை வெயில் வேறு பேட்டரியின் வயதைத் தின்னும். நாலு மாதத்தில் மாமாவின் பேட்டரி உள்ளே இப்படித்தான் செத்துக்கொண்டிருந்தது. வெளியே பார்த்தால் புத்தம் புதிது!

ஸ்டாப்-ஸ்டார்ட் வண்டிக்கென்று இரண்டு வகை பேட்டரி உண்டு. ஒன்று ஈ.எஃப்.பி. இதுவும் அமிலத் தண்ணீர் பேட்டரிதான். ஆனால் நெகட்டிவ் தகட்டில் கார்பன் சேர்த்திருப்பார்கள். பாசிட்டிவ் தகட்டின் மேல் மெல்லிய பாலியஸ்டர் வலை இருக்கும். பூசிய பொருள் எளிதில் உதிராது. இன்னொன்று ஏ.ஜி.எம். இதில் அமிலம் தளும்பாது. கண்ணாடி இழைப் பஞ்சு அதை உறிஞ்சி வைத்திருக்கும். தகடுகளை இறுக்கமாகப் பிடித்துக்கொண்டும் இருக்கும். வண்டியோடு ஏ.ஜி.எம். வந்திருந்தால் ஏ.ஜி.எம்.மே போட வேண்டும். ஈ.எஃப்.பி. வந்திருந்தால் ஈ.எஃப்.பி. போடலாம், கையேடு அனுமதித்தால் ஏ.ஜி.எம். போடலாம். இரண்டிலும் கீழே இறங்கக் கூடாது. என்-55 என்பது அந்த ஸ்டாப்-ஸ்டார்ட் வரிசையின் பெயர். பி24 பெட்டி அளவிலேயே வரும். அதனால்தான் நான் வாங்கிய பேட்டரி அதே இடத்தில் ஒழுங்காக உட்கார்ந்து என்னை ஏமாற்றியது.

"அந்தக் கறுப்புப் பெட்டி?" என்று கேட்டேன். சார் என்னைப் பார்த்த பார்வையை மறக்க மாட்டேன். அது பேட்டரி சென்சார். உள்ளே போகும் மின்னோட்டம், வெளியே வரும் மின்னோட்டம், வோல்டேஜ், வெப்பம் எல்லாவற்றையும் அளந்து கம்ப்யூட்டருக்குச் சொல்லும். என்ஜினை நிறுத்தலாமா கூடாதா என்று கம்ப்யூட்டர் முடிவு செய்வது அந்தக் கணக்கை வைத்துத்தான். நான் ஆம்ப்ளிஃபயர் வயரை சென்சாரைத் தாண்டி பேட்டரி முனையிலேயே கொடுத்ததால், ராத்திரி முழுக்க பாட்டு குடித்த கரண்ட் அந்தக் கணக்கில் ஏறவே இல்லை. உண்டியலின் பின்பக்கத்தில் ஓட்டை போட்ட மாதிரி. பேட்டரியில் சார்ஜ் இருக்கிறது என்று நம்பி கம்ப்யூட்டர் ரயில்வே கேட்டில் என்ஜினை நிறுத்தியது. தளர்ந்த பேட்டரி, தப்பான கணக்கு. இரண்டும் சேர்ந்து மாமாவை அங்கே நிறுத்தின. இரண்டும் என் கை வேலை.

ஞாயிற்றுக்கிழமை மாமா வீட்டுக்குப் போனேன். வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல், "மாமா, தப்பு வண்டி மேல இல்ல, என் மேல" என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். கடைக்காரர் சரியாகச் சொன்னதையும், எனக்குத் தெரியாது என்று சொல்ல வெட்கப்பட்டதையும் சொன்னேன். துடைப்பதை நிறுத்தாமலே கேட்டுக்கொண்டிருந்தார்.

"பேட்டரி மாத்த ஊர்ல ஆளா இல்ல மாப்ள? நாலு பேரு முன்னாடி 'எம் மாப்ள பாத்துக்குவான்'னு சொல்லணும், அதுக்குத்தான் உன்னக் கூப்ட்டேன். நீ 'எனக்குத் தெரியல மாமா, கேட்டுட்டு வரேன்'னு சொல்லியிருந்தாலும் நான் அதையே பெருமையா சொல்லியிருப்பேன். 'பாரு, கேட்டுத்தான் செய்யுறான்'னு."

எனக்கு அழுகை வந்துவிட்டது. உதவித்தொகையில் மிச்சம் வைத்திருந்த ஆயிரத்து எண்ணூறு ரூபாயை நீட்டினேன். வேண்டாம் என்பார் என்று நினைத்தேன். வாங்கிக்கொண்டார். "குடு. அப்பத்தான் உனக்கு மறக்காது" என்றார்.

மறுபடி அதே கடை. கடைக்காரரிடமும் நடந்ததைச் சொன்னேன். இம்முறை என்-55. மாட்டுவதற்கு முன்னால் டேஷ்போர்டுக்குள்ளிருந்து வண்டியின் கையேட்டை எடுத்தேன். பிளாஸ்டிக் உறைக்குள் அப்படியே இருந்தது. பேட்டரி பற்றி நாலு பக்கம். எல்லாம் அதில் இருந்தது, நண்பர்களே! சித்திரையில் பத்து நிமிடம் அதைப் படித்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இல்லை.

சாவியை எடுத்து, கதவுகளை மூடி, வண்டியின் கம்ப்யூட்டர்கள் அடங்கக் கொஞ்ச நேரம் விட்டேன். பத்தாம் நம்பர் ஸ்பேனரால் நெகட்டிவ்வைத் தளர்த்தி, சென்சாரைத் தட்டாமல், நெம்பாமல், கையால் ஆட்டி ஆட்டி எடுத்தேன். பிறகு பாசிட்டிவ். பிறகு அடியில் பிடித்திருக்கும் கிளாம்ப். முனைகளில் பூத்திருந்ததைச் சுத்தம் செய்தேன். புதியதை வைத்து அசையாமல் இறுக்கி, பாசிட்டிவ், கடைசியில் நெகட்டிவ். ஆம்ப்ளிஃபயரின் கறுப்பு வயரை மறுபடி பாடி போல்ட்டுக்கே மாற்றினேன். சார்ஜரோ ஜம்ப் கேபிளோ போடும்போதும் கறுப்பு கிளிப்பைப் பாடியில்தான் மாட்ட வேண்டும். அப்போதுதான் சென்சார் வழியாகக் கணக்கு ஏறும். சில வண்டிகளில் புது பேட்டரி வந்திருப்பதை ஸ்கேனர் மூலம் கம்ப்யூட்டருக்குச் சொல்ல வேண்டும். சில வண்டிகள் சில மணி நேரம் சும்மா நின்றால் தாமே கற்றுக்கொள்ளும். மாமாவின் வண்டி இரண்டாவது வகை. ராத்திரி முழுக்க பூட்டி நிறுத்தினோம். பாட்டுப் போடவில்லை! கதவுக் கண்ணாடி தானாக ஏறும் வசதி மட்டும் மறந்து போயிருந்தது. கையேட்டில் சொன்னபடி கண்ணாடியை முழுக்க ஏற்றி சுவிட்சைப் பிடித்திருந்ததும் அதுவும் சரியானது.

இப்போது மாமாவுக்கு மறுபடி கல்யாண சவாரிகள் வருகின்றன. பெண்ணின் பெரியப்பாவிடம் நானே போய் நடந்ததைச் சொன்னேன். "ஓஹோ, நீதானா அது?" என்று முறைத்தார். பிறகு தை மாதம் அவர் வீட்டு வளைகாப்புக்கு மாமா வண்டியைத்தான் கூப்பிட்டார்.

நண்பர்களே, நம்மில் பலர் வீட்டில் முதலில் படிக்க வந்தவர்கள். நம் வீட்டார் நம் மேல் வைத்திருக்கும் நம்பிக்கைக்கு அளவு கிடையாது. நாம் சொன்னால் சரியாக இருக்கும் என்று நகை அடகு வைத்த பணத்தையும் எடுத்து நீட்டுவார்கள். கேள்வி கேட்க மாட்டார்கள். அவர்கள் கேட்காததால், நம்மை நாமேதான் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. 'எனக்கு இது உண்மையில் தெரியுமா?' என்று.

எங்கள் திண்ணைக்கு இன்னும் மிக்ஸி வருகிறது. "பாக்குறேன் பெரியம்மா. தெரியலன்னா தெரிஞ்சவங்ககிட்ட கேட்டுட்டு வரேன்" என்கிறேன். அம்மாவின் முகம் வாடவில்லை. நான்தான் இத்தனை நாள் வீணாகப் பயந்திருக்கிறேன்.

அடுத்த முறை உங்கள் தெருவில் யாராவது ஸ்டாப்-ஸ்டார்ட் கார் பேட்டரியை மாற்றச் சொன்னால், முதலில் பழைய பேட்டரியின் லேபிளைப் படியுங்கள். பிறகு கையேட்டைப் படியுங்கள். ஸ்பேனர் மூன்றாவதுதான்!

அன்புடன்,
உங்கள் தோழன்,
இறுதியாண்டு, ஆட்டோமொபைல் பிரிவு